டஸ்கலூசா பிரையண்ட் மியூசியம்: தாராளமாகப் போகலாம், 18 தேசியப் பட்டம் என்ற கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்

அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கென்றே டஸ்கலூசா வளாகத்தில் ஒரு மியூசியம் இருக்கிறது. பெயர் பால் டபிள்யூ. பிரையண்ட் மியூசியம், 1988-இல் திறந்தது. நன்றாக இருக்கிறது, போகலாம். ஆட்டத்தின் விதிகள் பாதிதான் தெரியும் என்பவர்களும் போகலாம், ஏனென்றால் இங்கே நமக்குக் கிடைப்பது ஆட்ட நுணுக்கம் இல்லை, ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதை.

வருகிறவர்கள் எல்லாரும் தேடிப்போய்ப் படம் எடுப்பது அந்தக் கிரிஸ்டல் தொப்பியைத்தான். பயிற்சியாளர் பிரையண்ட் போட்டிருந்த, ஹவுண்ட்ஸ்டூத் என்னும் கோணல் கட்டத் துணித் தொப்பியை வாட்டர்ஃபோர்ட் கிரிஸ்டலில் செய்து வைத்திருக்கிறார்கள், துணியில் இருக்கும் கோணல் கட்டங்கள்கூடக் கண்ணாடியில் வெட்டு வெட்டாகத் தெரிகின்றன. ஒரு கோச்சின் தொப்பிக்கு இவ்வளவு மரியாதையா என்று சிரிப்புத்தான் வந்தது. சரி, ஆளின் கணக்கைப் பாருங்கள்: 1958 முதல் 1982 வரை 25 சீசன், 232 வெற்றி, 6 தேசியப் பட்டம். வேறு கல்லூரிகளில் இருந்ததையும் சேர்த்தால் 323 வெற்றி. கடைசி ஆட்டம் 1982 டிசம்பர் 29-இல், அதற்கு நாலே வாரத்தில் இறந்துவிட்டார். கூரை போட்ட அரங்கில் ஆட்டம் என்றால் தொப்பியைக் கழற்றிவிடுவாராம், கட்டடத்துக்குள் தொப்பி போடக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறார்! அவருடைய அலுவலக அறையையும் அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள், அங்கே அவசரப்படாமல் நில்லுங்கள்.

கதை தொடங்குவது 1892-இல். முதல் ஆட்டம் அலபாமாவிலேயே இருக்கும் பர்மிங்காம் நகரில், பள்ளிப் பையன்களோடு, 56-0. அதையும் வெற்றிக் கணக்கில் வைத்திருப்பது கொஞ்சம் ஓவர்தான். 1907-இல் ஆபர்ன் பல்கலைக்கழக அணியோடு 6-6 என்று முடிந்த பிறகு, பயணப்படியில் சில டாலர், நடுவரை எங்கிருந்து அழைப்பது என்ற தகராறில் இரண்டு அணிகளும் 1948 வரை மோதவே இல்லை. 41 வருடம்! ஒரே மாநிலத்துக்காரர்கள் வேறு. 1926 ரோஸ் பவுல்தான் (சீசன் முடிந்ததும் கலிஃபோர்னியாவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) அணியை நாடறியச் செய்தது, அமெரிக்காவின் தெற்கிலிருந்து அங்கே போய் ஆடிய முதல் அணி, பாதி ஆட்டத்தில் 0-12 என்று பின்தங்கியிருந்து மூன்றாவது கால்பகுதியில் மட்டும் 20 புள்ளி எடுத்து, வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 20-19 என்று வென்றது.

இனி அந்த 18-க்கு வருவோம். பல்கலைக்கழகம் சொல்லிக்கொள்ளும் தேசியப் பட்டங்களின் எண்ணிக்கை அது. இதில் 6 பிரையண்ட் காலத்தில், 6 பின்னால் வந்த பயிற்சியாளர் நிக் சேபன் காலத்தில், 1992-இல் ஒன்று, இவற்றில் எனக்குப் பிரச்சினை இல்லை. மிச்சம் இருக்கும் 5 பழைய பட்டங்கள் பட்டியலில் ஏறியதே 1980-களில், பல்கலைக்கழகம் வெளியிடும் ஊடகக் கையேட்டில்தான். அந்தக் காலத்தில் கல்லூரி அணிகளுக்கு இறுதிப்போட்டி என்று எதுவும் கிடையாது, ஆளாளுக்கு ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டு சாம்பியனை அறிவித்தார்கள், யாராவது ஒருவர் நம் பெயரைச் சொல்லியிருந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதிலும் 1941 ரொம்ப மோசம். அந்த வருடம் அலபாமா இரண்டு ஆட்டம் தோற்றது, ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் 20-ஆவது இடம், முதலிடத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மினசோட்டா. ரோஸ் பவுல் மாதிரியே சீசன் கடைசியில் நடக்கும் காட்டன் பவுலில் டெக்சஸ் ஏ அண்ட் எம்-ஐ 29-21 என்று வென்றார்கள், அதுவும் ஆட்டம் முழுக்க ஒரே ஒரு ஃபர்ஸ்ட் டவுன் (நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறுவது) எடுத்து, எதிரணி 12 முறை பந்தைப் பறிகொடுத்ததால். ஆட்டக் கதையாகக் கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் இதற்குப் பெயர் தேசிய சாம்பியனா? மியூசியத்துக்கு 5-க்கு 4 மதிப்பெண் தருகிறேன், குறைத்த ஒன்று 1941-க்காக.

போவதற்கு முன் 1970 செப்டம்பர் 12 பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். சதர்ன் கலிஃபோர்னியா அணி பர்மிங்காமுக்கு வந்து 42-21 என்று வென்றது, அந்த அணியின் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் 135 யார்டு ஓடி 2 டச் டவுன் எடுத்தார், அலபாமா பக்கம் ஆடியவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். அந்த ஓர் இரவில்தான் அலபாமா அணி கறுப்பின வீரர்களுக்குக் கதவைத் திறந்தது என்று சொல்வார்கள், அவ்வளவு சுலபம் இல்லை. கறுப்பின மாணவர் வில்பர் ஜாக்சன் ஏற்கெனவே ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்திருந்தார், முதலாண்டு மாணவர்கள் ஆட அப்போது விதி இடம் தரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் இன்னொரு கறுப்பின வீரர் ஜான் மிட்சல் களமிறங்கினார். 1963-இல் ஆளுநர் வாலஸ் கறுப்பின மாணவர்களை வாசலில் நின்று மறித்த ஃபாஸ்டர் ஆடிட்டோரியமும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது, அதையும் பார்க்காமல் திரும்பாதீர்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுசாகப் புரியும்.

ஆட்ட நாளில் மட்டும் போக வேண்டாம். பிரையண்ட்-டென்னி அரங்கில் சுமார் ஒரு லட்சம் பேர் உட்காரலாம், அத்தனை பேரும் அன்று ஊருக்குள் இருப்பார்கள், நின்று நிதானமாக எதையும் பார்க்க முடியாது. வேறொரு நாளில் வந்தால் மியூசியத்தை முடித்துவிட்டு அரங்குக்குப் போய், வெளியே இருக்கும் பயிற்சியாளர் சிலைகளையும் பார்க்கலாம்.