சுங்கை சிப்புட்டிலிருந்து மலையேறும் 150 சிசி கப்சாய்: பல வருட அனுபவம்

மலைப்பாதையில் தூரப் பயணம் போக வேண்டுமென்றால் பெரிய வண்டிதான் வேண்டும் என்ற எண்ணம் மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்கு வர, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட, செம்பனை ஆலைக்கு ஷிப்டு போக என்று தினமும் ஓட்டும் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிள் மலைக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரிய வண்டி வாங்கப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தே வயது போய்விடுகிறது. நம்மில் பலரிடம் இருப்பது பி2 லைசென்ஸ், அதில் 250 சிசிக்கு மேல் ஓட்டவும் முடியாது. இந்த நிலையில் உள்ளவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்: கையில் இருக்கும் 150 போதும். ஆனால் காசை எதில் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

என்னுடையது கிளட்ச் வைத்த ஐந்து கியர் வண்டி. தண்ணீரில் குளிரும் இன்ஜின், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். பிராண்டைச் சொல்லவில்லை, இங்கே எழுதுவது இந்த ரகத்து வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேலை நாளில் வேலைக்கு, விடுமுறையில் மலைக்கு என்று ஒரே வண்டியைப் பல வருடமாக ஓட்டுகிறேன்.

சுங்கை சிப்புட்டில் இருப்பவனுக்குத் தித்திவாங்சா மலைத்தொடர் பக்கத்து வீடு மாதிரி. தெற்கே ஈப்போவைத் தாண்டி சிம்பாங் பூலாயில் திரும்பினால் கேமரன் மலைக்கும் குவா மூசாங்குக்கும் போகும் 185-ஆம் எண் சாலை. இன்னும் தெற்கே கம்பாரைக் கடந்து தாப்பாவில் திரும்பினால் பழைய 59-ஆம் எண் சாலை. வடக்கே கோலாகங்சார், லெங்கோங் வழியாகக் கிரிக் போனால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. மூன்றுக்கும் மூன்று குணம்.

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் எந்த வண்டிக்கும் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சக்தி குறையும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அளவு தானாகச் சரியாகிக்கொள்ளும், அதனால் இன்ஜின் திணறாது, வேகம் மட்டும் குறையும். தாப்பா சாலையில் இது ஒரு பொருட்டே இல்லை. 1931-இல் முடிந்த சாலை அது. வளைவுக்கு மேல் வளைவு, வேகமாகப் போக இடமே கிடையாது. இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில்தான் முழு ஏற்றமும் நடக்கும். பெரிய வண்டிக்காரர்கள் அங்கே அதிகமாக ஒன்றும் சாதிப்பதில்லை. சிம்பாங் பூலாய்ச் சாலைதான் 150-க்கு உண்மையான சோதனை. அகலமான, நீண்ட, விடாத ஏற்றம். பின்னால் ஆளும் பெட்டியில் சாமானும் இருந்தால் நான்காம் கியர் தாங்காது, மூன்றில் இறக்கிவிட வேண்டியதுதான். பின்னால் வரும் கார்களுக்கு வழிவிட்டு இடது ஓரமாகப் போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

இறக்கத்தில்தான் சின்ன வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் சோதனை. இதை நான் அடித்துச் சொல்வேன். ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறோம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் வண்டியின் வேகம் முழுவதும் அந்தச் சின்ன டிஸ்க்கில் சூடாக மாறும். அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போய், எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டால், லீவரைப் பிடித்தாலும் வெறுமனே உள்ளே போகும். வண்டி நிற்காது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. டாட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். நம் ஊரோ ஆண்டு முழுவதும் ஈரக்காற்று. எங்கள் டவுனில் நான் வண்டி விடும் மோட்டார் கடை அண்ணன் ஒருமுறை சொன்னார்: "தம்பி, பிரேக் பேடு தேஞ்சா கண்ணுக்குத் தெரியும். எண்ணெ தண்ணி குடிச்சா தெரியாது. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்க, நிறத்தப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க." அன்றிலிருந்து அதையே செய்கிறேன். செலவு மிகக் குறைவு. எக்ஸாஸ்டுக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) செலவழிக்கும் தம்பிகள் இந்தச் சின்னச் செலவைத் தள்ளிப்போடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். மூன்றாம் கியரில் திராட்டிலை மூடினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டாம் கியர், பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி விட்டுவிட வேண்டும், பிடித்துக்கொண்டே போகக்கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குபவர்களை இன்னும் பார்க்கிறேன். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெரும்பாலும் கியரில் இருந்தபடி திராட்டில் மூடியிருந்தால் பெட்ரோல் பாய்வது நின்றுவிடும், நியூட்ரலிலோ இன்ஜின் ஓடத் தனியாகப் பெட்ரோல் போகும். மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.

அடுத்து டயர். ஒரே வண்டியில் வேலைக்கும் மலைக்கும் போகிறவர்களுக்கு இதில் தனிப் பிரச்சினை. தினமும் நேர்ச்சாலையில் ஓடுவதால் பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். டவுனில் ஒன்றும் தெரியாது. மலையில் வளைவுக்காகச் சாய்க்கும்போது தட்டையிலிருந்து ஓரத்துக்கு வண்டி சட்டென்று விழுவது போல இருக்கும். டயரின் பூ (மேலிருக்கும் வெட்டுக் கோடுகள்) இன்னும் இருக்கிறதே என்று விடாமல், நடுப்பகுதி தட்டையானதும் நான் மாற்றிவிடுகிறேன். கடையில் வாங்கும்போது டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2224 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. விலை மலிவாக இருக்கிறது என்று பல வருடம் கிடந்த டயரை வாங்காதீர்கள், ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

பிடிமானம் எங்கே போகும் என்பதும் சாலைக்குச் சாலை மாறும். தாப்பா வழியில் வெயில் படாத வளைவுகளில் பாசியும் மூங்கில் சருகும். லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் கார்களும் ஆட்களும் திடீரென்று குறுக்கே வரும். செமாய் பூர்வக்குடியினர் பெத்தாய்க் காயும் தேனும் விற்கும் கடைகளுக்காகச் சொல்லாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. நானும் அங்கே நிறுத்துபவன்தான், ஆனால் வளைவு கடந்த பிறகு நிறுத்துவேன். சிம்பாங் பூலாயின் அடிவாரத்தில் கல் குவாரி லோரிகள் கொட்டிவிட்டுப் போகும் தூள், தூறல் விழுந்ததும் வழுக்கும். அதே சாலையில் மேலிருந்து காய்கறி லோரிகள் இறங்கும். அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை எனக்கு மிகவும் பிடித்தது. கம்யூனிஸ்டுகளின் தாக்குதல்களுக்கு நடுவே காட்டை வெட்டிப் போட்டு 1982 ஜூலையில் திறந்த சாலை. கிரிக்கிலிருந்து ஜெலி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி காடுதான். பண்டிங்கில் தெமெங்கோர் ஏரியின் மேல் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், அதற்கு அப்பால் மூடுபனியில் பெலும் காடு. அந்த இடத்தில் நாற்பதில் போனாலும் அவசரமாகத் தோன்றும். இந்தச் சாலைக்குத்தான் சின்ன டேங்க் தொல்லை. இந்த ரகத்து வண்டிகளில் நாலு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மட்டச் சாலையில் என் வண்டி லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் தருகிறது, ஆளோடும் சாமானோடும் ஏறும்போது முப்பத்தைந்துக்குக் கீழே இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மழைக்கு ஒதுங்கவோ மண்சரிவால் திரும்பி வரவோ நேர்ந்தால் இடம் இருக்காது. கிரிக்கில் டேங்க்கை முழுதாக நிரப்பாமல் நான் அந்தச் சாலையில் ஏறுவதே இல்லை.

இருட்டிய பிறகும் ஏறுவதில்லை. அது யானைகளின் வழி. 2025 மே மாதம் அங்கே லோரி மோதிக் குட்டி யானை ஒன்று இறந்ததும், தாய் யானை லோரியை விட்டு நகராமல் நின்றதும் எல்லோரும் பார்த்ததுதான். அடுத்த மாதமே, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அதே சாலையில் நடந்த பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் போய்விட்டார்கள். 150 சிசி வண்டியின் முன்விளக்கு அந்த இருட்டுக்குப் போதாது. மாலையாகிவிட்டால் கிரிக்கிலோ ஜெலியிலோ அறை எடுத்துத் தங்கிவிடுங்கள்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. மேற்குப் பக்கத்தில் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகலானால் இடியோடு கொட்டும். விடிகாலையில் கிளம்பி, வழியில் பசியாறி, மதியத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடுவது என் வழக்கம். மேலங்கியை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொள்வது டவுனுக்குச் சரி. மலைக்கு மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ள மழைக்கோட்டு வேண்டும்.

பின்னால் உட்காருபவரின் கருத்தும் இதில் சேர வேண்டும். என் மனைவி கேமரன் மலை வரை சந்தோஷமாக வருவாள். "குவா மூசாங் வரைக்கும்னா கார்ல போலாங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவள் சொல்வது நியாயம். கப்சாய் சீட் குறுகல், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவருக்கும் அது தாங்காது. தனியாகப் போகிறவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் நான், இருவராக இரண்டு மூன்று நாள் பயணம் போக இந்த வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். பின்பெட்டியும் அளவோடுதான் இருக்க வேண்டும். அது பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால், கனமாக ஏற்றினால் ஏற்றமான கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் லேசாகிவிடும். கனமான சாமானை இரண்டு கால்களுக்கும் நடுவே உள்ள இடத்தில் கட்டுங்கள். பெட்டியில் துணி மட்டும் போதும்.

பழைய வண்டி வாங்கி மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் விற்பனைக்கு வரும் 150-களில் தோட்டத்துச் செம்மண் பாதையில் அடிபட்டவையும் உண்டு, இரவில் பந்தயம் ஓடியவையும் உண்டு. மைலேஜைப் பார்த்து விலை பேசாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் எங்கேயாவது சிக்குவது போலத் தெரிந்தால் கழுத்து பேரிங் போய்விட்டது. சங்கிலியைப் பின் பல்சக்கரத்திலிருந்து பின்னால் இழுத்துப் பாருங்கள், பல் தெரிய விலகினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இந்த இரண்டு செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவர் ஒத்துக்கொண்டால் வாங்கலாம், நல்ல வண்டிதான்.