ஃபிளாஷ் விவரத்தை யாரிடம் கேட்பது: ப்ராக், சிஸ்எஃப்எஸ், ஐஓசிடிஎல்

ரவுட்டருக்கு ஃபெர்ம்வேர் ஏற்றும் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தால் முதலில் தெரிய வேண்டியவை மூன்று: பலகையில் இருப்பது எந்த வகை ஃபிளாஷ், அதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு அழிபடும். லினக்ஸ் கெர்னலில் இதைக் கவனிப்பது எம்டிடி (மெமரி டெக்னாலஜி டிவைஸ்) என்கிற பகுதி. பென்டிரைவ், எஸ்டி கார்டு, எஸ்எஸ்டி ஆகியவை இதில் சேராது. அவற்றின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரே ஃபிளாஷின் குணங்களை மறைத்துவிடும். பலகையில் நேரடியாகப் பற்றவைத்த நார், நாண்ட் என்ற இரு வகை ஃபிளாஷ் சிப்புகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அவற்றில் புதிதாக எழுதுமுன் ஒரு பிளாக்கை முழுதாக அழித்தாக வேண்டும். அந்த பிளாக்கின் அளவைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பக்கத்துப் பார்ட்டிஷனும் சேர்ந்து போகும்.

விவரம் கேட்க மூன்று வழிகள் உண்டு: கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் ‘/ப்ராக்’, ‘/சிஸ்’ (சிஸ்எஃப்எஸ்) அடைவுகள், சாதனக் கோப்பிடம் நிரல் நேரடியாகக் கேட்கும் ஐஓசிடிஎல் அழைப்பு. பழையதிலிருந்து தொடங்குகிறேன்.

‘/ப்ராக்/எம்டிடி’ ஒரே ஒரு கோப்பு. திறந்து பார்த்தால் பார்ட்டிஷனுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு விவரம்: எண், மொத்த அளவு, அழிப்பு பிளாக்கின் அளவு, பெயர்.

எம்டிடி0: 00040000 00010000 "யு-பூட்"

கண்ணால் பார்க்க இதைவிட வசதி கிடையாது. பழைய கெர்னலிலும் இருக்கும், பிஸிபாக்ஸ் என்ற சிறு கட்டளைத் தொகுப்பு மட்டும் உள்ள மீட்பு நிலையிலும் படிக்கலாம், ரூட் அனுமதி வேண்டாம். ஆபத்து அந்த எண்களில் இருக்கிறது. அவை பதினறும (ஹெக்ஸ்) எண்கள், ஆனால் முன்னால் ‘0எக்ஸ்’ என்ற அடையாளம் கிடையாது. மேலே உள்ள 00010000 உண்மையில் 65536 பைட், அதாவது 64 கேபி. ஷெல்லின் கணக்குக்குள் அப்படியே கொடுத்தால், முன்னால் சுழியம் இருப்பதால் அதை எண்ம (ஆக்டல்) எண்ணாக எடுத்துக்கொண்டு 4096 என்று விடை தரும். இதில் கொடுமை என்னவென்றால் 4096 நம்பும்படியான எண். எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பில் இயங்கும் பல நார் சிப்புகள் 4 கேபி அளவில் அழிக்கக்கூடியவைதான். அதனால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ‘0எக்ஸ்’ சேர்த்த பிறகே கணக்குப் போடுங்கள்.

பெயர் தேடுவதிலும் கவனம் வேண்டும். மேற்கோள் குறிகளைச் சேர்க்காமல் ‘கெர்னல்’ என்று கிரெப் (வரிகளைத் தேடும் கட்டளை) செய்தால் ‘கெர்னல்2’ வரியும் வந்து நிற்கும். ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டியின் ஸ்கிரிப்டுகள் இந்தக் கோப்பில் தேடும்போது மேற்கோள் குறியோடு தேடுவது இதனால்தான். பெயருக்குப் பதில் எண்ணை நம்புவது இன்னும் மோசம். பிரிவுகளின் அமைப்பு மாறினால் நேற்று எம்டிடி4 ஆக இருந்தது இன்று எம்டிடி5 ஆகிவிடும். ஏதெரோஸ் சிப் கொண்ட பல ரவுட்டர்களில் ‘ஆர்ட்’ என்றொரு சின்னப் பார்ட்டிஷன் உண்டு. அந்தந்தப் பெட்டிக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய வைஃபை அளவுத்திருத்தம் அதில் இருக்கிறது. நகல் எடுத்து வைக்காமல் அதை அழித்துவிட்டால், அடுத்த வீட்டு ரவுட்டரிலிருந்து எடுத்துப் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது ‘/சிஸ்/கிளாஸ்/எம்டிடி’. 2009-இல் வந்தது. ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பது சிஸ்எஃப்எஸ்ஸின் பொது விதி, இங்கும் அதுவே. ‘சைஸ்’, ‘எரேஸ்சைஸ்’ இரண்டும் பதின்ம எண்களாகவே கிடைக்கும். மேலே சொன்ன எண்மக் குழப்பத்துக்கு இடமே இல்லை. ப்ராக் கோப்பு அறவே சொல்லாத விவரங்களும் இங்கே உண்டு. ‘டைப்’ கோப்பு நாரா நாண்டா என்று சொல்லும். ‘ரைட்சைஸ்’ ஒரு பக்கத்தின் அளவு, ‘ஓஓபிசைஸ்’ பக்கத்தோடு ஒட்டிய உபரி இடம். 2048 பைட் பக்கம், 64 பைட் உபரி, 128 கேபி பிளாக் என்பது நாண்டில் அடிக்கடி பார்க்கும் அமைப்பு. பக்க அளவு தெரியாமல் யுபிஐ (எம்டிடிக்கு மேல் இருந்து பிளாக்குகளை நிர்வகிக்கும் கெர்னல் அடுக்கு) இமேஜ் தயாரிக்க முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சிப்பின் உடல்நிலையைக் காட்டும் கோப்புகள்: திருத்திய பிட்டுகள், திருத்த முடியாமல் போனவை, கெட்ட பிளாக்குகளின் எண்ணிக்கை. இவற்றில் முதல் இரண்டும் நினைவகத்தில் மட்டுமே இருக்கும் கணக்கு, ரீபூட் செய்தால் சுழியத்துக்குப் போய்விடும். சிப்பு தேய்கிறதா என்று கண்காணிக்க வேண்டுமானால் அவ்வப்போது எடுத்து வேறெங்காவது குறித்து வையுங்கள். ‘பிட்ஃபிளிப்_த்ரெஷோல்ட்’ என்ற கோப்பில் எழுதவும் முடியும். ஒரு தடவை படிக்கும்போது திருத்த வேண்டிய பிட்டுகள் இந்த வரம்பைத் தொட்டால் கெர்னல் எச்சரிக்கும், யுபிஐ அந்தத் தரவை வேறு பிளாக்குக்கு மாற்றும்.

மூன்றாவது, ‘/டெவ்/எம்டிடி0’ போன்ற சாதனக் கோப்பைத் திறந்து ஐஓசிடிஎல் வழியாகக் கேட்பது. சி நிரல் வேண்டும், பெரும்பாலும் ரூட் அனுமதியும் வேண்டும். அடிப்படை விவரம் தரும் ‘மெம்கெட்இன்ஃபோ’ அழைப்பில் மொத்த அளவுக்கு ஒதுக்கியது 32 பிட் மட்டுமே. சரியாக 4 ஜிபி உள்ள சிப்பைக் கேட்டால் சுழியம் என்று பதில் வரும். பயனர் நிரல்கள் உடையக்கூடாது என்பதால் அந்தக் கட்டமைப்பை இனி அகலப்படுத்த முடியாது. ஆகவே அளவு கேட்க இந்த வழி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு கேள்விக்கு இதை விட்டால் வழியில்லை. கெட்ட பிளாக்குகள் எத்தனை என்று சிஸ்எஃப்எஸ் சொல்லும், எவை என்று சொல்லாது. ‘மெம்கெட்பேட்பிளாக்’ அழைப்பில் பிளாக்கின் இடத்தைக் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அப்படிக் கேட்கும்போது பெயரில் ‘ஆர்ஓ’ சேர்ந்த, படிக்க மட்டுமான சாதனக் கோப்பைத் திறந்தால் போதும். நிரலில் பிழை இருந்தாலும் எதுவும் அழியாது.

எம்டிடி-யுடில்ஸ் என்ற கருவித் தொகுப்பின் நூலகமும் முதலில் சிஸ்எஃப்எஸ்ஸைப் பார்க்கிறது, அது இல்லாத பழைய கெர்னலில்தான் மற்ற இரண்டுக்கும் போகிறது. புது ஸ்கிரிப்டுக்கு நானும் அதே வரிசையைத்தான் சொல்வேன்: சிஸ்எஃப்எஸ்ஸில் ‘நேம்’ கோப்புகளைப் படித்துப் பெயரை முழுதாக ஒப்பிட்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த அடைவில் ‘எம்டிடி0ஆர்ஓ’ போன்றவையும் வரிசையில் வரும், அவற்றுக்குள் ‘நேம்’ கோப்பு இருக்காது. எண்ணில் முடியும் அடைவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.