போலோ ஜிடி காருக்கு பிரேக் டிஸ்க், பேட் மாற்றியது: ஓட்டை டிஸ்க்கில் விட்ட துட்டும், சாதா டிஸ்க்கில் கிடைத்த நிம்மதியும்

வேகமாக ஓட்டுகிற வண்டிதான், ஆனால் ஓடுவது ரோட்டில் மட்டும் என்றால், ஓட்டை போட்ட பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு) பக்கம் போகாதீர்கள். நல்ல சாதா டிஸ்க், குளிரிலேயே அந்தத் தட்டைக் கடித்துப் பிடிக்கிற பேட், புது பிரேக் ஆயில், அது போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷமும் தேவையில்லாமல் ஒரு செட் டிஸ்க்கும் செலவாகின.

வண்டி 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, தானே மாற்றிக்கொள்கிற ஏழு கியர் டிஎஸ்ஜி, கம்பெனி கொடுத்தது 105 குதிரை. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) போட்டிருக்கிறேன், சக்தியை அளக்கிற டைனோவில் ஏற்றிப் பார்த்ததில்லை, அதனால் பீற்றிக்கொள்ள எண் எதுவும் கையில் இல்லை. முன்னால் நடுவில் காற்றுப் போக வழி விட்ட டிஸ்க், பின்னால் டிரம்.

கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஆரியங்காவு வழியாகத் திரும்பும்போதுதான் வினை ஆரம்பித்தது. கோட்டைவாசல் தாண்டி புளியறைக்கு இறங்குகிற ரோடு தெரியும்தானே, முன்னால் லோடு லாரி, முந்த இடமில்லை, நானும் கியரை டி-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். எஸ் வளைவு வந்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு தடவை பம்ப் அடித்த பிறகுதான் பிடித்தது. வீட்டுக்காரி தென்காசி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பின் சீட்டில் இருந்த அத்தை மட்டும் என்னவோ தீய்கிற வாடை வருதே என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அன்று ராத்திரியே, கொஞ்சமும் யோசிக்காமல், ஆன்லைனில் ஒரு கடையில் ஓட்டையும் கீறலும் போட்ட டிஸ்க் ஆர்டர் செய்தேன். அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பேட்டை அழுத்துகிற காலிபருக்குச் சிவப்பு பெயிண்ட் வேறு அடித்தேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உர்ர்ர் என்று ஒரு சத்தம், அதையும் ஏதோ ரேஸ் வண்டிச் சத்தம் என்று நினைத்து ரசித்தேன். பதினோராயிரம் கிலோமீட்டரில் டயர் மாற்றக் கழற்றியபோது பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக விடுகிற மெக்கானிக் அண்ணாச்சி செல்போன் லைட்டை அடித்துக் காட்டினார். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலிருந்தும் மயிரிழை போல விரிசல், நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிறது. ஒரு இடத்தில் ஒரு ஓட்டையிலிருந்து கிளம்பிய விரிசல் பக்கத்து ஓட்டையை ஏறக்குறைய தொட்டுவிட்டது. "ஏன் தம்பி, இரும்பை எடுத்துட்டு வெறும் ஓட்டையவா துட்டு கொடுத்து வாங்கிருக்கிய?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பிரேக் என்பது வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிற வேலை, அந்தச் சூட்டை முதலில் வாங்கி வைத்துக்கொள்வது டிஸ்க்கின் இரும்பு. ஓட்டை போட்டால் இரும்பு குறைகிறது. பழைய காலத்து பேட் சூடானால் வாயு கக்கும், அது வெளியேற வழி வேண்டும் என்றுதான் ஓட்டை வந்தது, இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. பெரிய ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனியே ஓட்டையோடு தருகிறானே என்றால், அந்த டிஸ்க்கின் அளவையும் நம்ம டிஸ்க்கின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீறல் மட்டும் போட்டது அவ்வளவு மோசமில்லை, ஆனால் பேட்டை வேகமாகத் தின்னும்.

அதைவிடக் கேவலம், புளியறையில் நடந்ததற்கு டிஸ்க் காரணமே இல்லை. அண்ணாச்சி பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக் காட்டினார், கருப்பட்டிக் காப்பி நிறம். நான்கு வருஷமாக மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். டாட் 4 என்கிற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 155 டிகிரியில் நிற்கிறது. கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி, மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்க மாட்டேன் என்றால் அது பேட் சூடேறி வழுக்குகிற கேஸ். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் அந்தத் துட்டு மிச்சம்.

சரி, இப்போது போட்டிருப்பது. டிஸ்க் பிரெம்போ, சாதா, நடுப்பகுதியில் துருப்பிடிக்காமல் இருக்க கோட்டிங் அடித்தது. எனக்குத் திசையன்விளைப் பக்கம் அடிக்கடி வேலை, உப்புக் காற்றில் பழைய டிஸ்க்கின் நடுப்பகுதி செதில் செதிலாக உதிர்ந்ததைப் பார்த்தவன் என்பதால் இதற்காகவே கூடக் கொடுத்தேன். பேட் ஃபெரோடோ, ரோட்டுக்கான ரகம். ஆர்டர் போடுமுன் சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், உங்கள் வண்டிக்கு எந்த பிரேக் என்று சொல்கிற பிஆர் எண்ணைப் பாருங்கள், போலோ என்று மட்டும் சொன்னால் வேறு அளவு வந்து சேரும்.

பேட் விஷயத்தில்தான் நம்ம ஆட்கள் நிறையத் தப்புப் பண்ணுகிறார்கள். ரேஸ் டிராக்குக்கான பேட் சூடு ஏறினால்தான் கடிக்கும். மூலைக்கரைப்பட்டி ரோட்டில் காலை ஆறு மணிக்கு ஆட்டு மந்தை குறுக்கே வரும்போது, கொஞ்சம் பொறு, பேட் சூடாகட்டும் என்று ஆட்டிடம் சொல்ல முடியுமா? சில பேட்களின் விளிம்பில் இரண்டு எழுத்து இருக்கும், முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எப்படிப் பிடிக்கும், இரண்டாவது நன்றாகச் சூடான பிறகு எப்படி என்பதற்கு. உராய்வுக் கணக்கில் ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. எஃப்எஃப் இருந்தால் ரோட்டுக்குத் தாராளம். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், ஒரே எழுத்துள்ள இரண்டு பேட் இரண்டு விதமாகப் பிடிக்கும். டயர் வழவழப்பாக இருந்தால் எந்த பேட் போட்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் தடதடப்பதுதான் மிச்சம்.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். டிஸ்க் உட்காருகிற ஹப் முகத்தில் இருந்த துருவை அண்ணாச்சி கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்த பிறகுதான் டிஸ்க்கை வைத்தார். அங்கே ஒரு பொருக்கு இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும், கொஞ்ச நாளில் ஸ்டியரிங் ஆடும், நாமும் டிஸ்க் வளைந்துவிட்டது என்று கம்பெனிக்காரனைத் திட்டுவோம். டிஸ்க்கில் தடவி வருகிற எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, காலிபர் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் வைத்து, வீல் போல்ட்டை, முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினார். ஏர் கன்னைத் தொடவே இல்லை. டிஸ்க், பேட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடிந்தது.

பேட்டைப் படிய வைக்க நாகர்கோவில் ரோட்டுக்கு விடியற்காலையில் போனேன். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து தடவை பிரேக் பிடித்தேன், எங்கேயும் முழுசாக நிற்காமல். நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டிய பிறகு ஆரம்பியுங்கள். முன்னாடியே செய்து சூடான பிரேக்கோடு டோலில் மிதித்துக்கொண்டு நின்றால், பேட்டின் அச்சு டிஸ்க்கில் அப்படியே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு தடவையும் பெடல் உதறும்.

குறை இல்லாமல் இல்லை. அலாய் வீலில் கரி படிகிறது, வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும். சாரல் சீசனில் குற்றாலத்தில் ராத்திரி நிறுத்தி வைத்தால் காலையில் டிஸ்க்கில் மஞ்சள் துரு, முதல் இரண்டு மிதிக்குக் கரகரவென்று கேட்கும், பிறகு போய்விடும். போன மாதம் அதே கோட்டைவாசல் இறக்கத்தில், அதே அத்தை பின் சீட்டில், இந்தத் தடவை இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கியரைக் கையால் இரண்டில் போட்டு இறங்கினேன். பெடல் மேலேயே நின்றது. அதில் பாதிப் புகழ் புது ஆயிலுக்கும் கியருக்கும் போக வேண்டியது. ஆயில் மாற்றிய தேதியை டப்பா மூடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு வருஷம் கணக்கு. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பேட்டில் பாதிக்கு மேலேயே மீதி இருக்கிறது. ஓட்டை டிஸ்க்கில் ஒன்று அண்ணாச்சி கடை வாசலில் கிடக்கிறது, ஆடிக் காற்றுக்கு போர்டு சாயாமல் இருக்க.