சிறிய திருமணம்தானே என்று சொல்லும் புகைப்படக்காரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

தோட்டத்தில் நெருங்கியவர்களை மட்டும் அழைத்துத் திருமணம் வைத்திருப்பவர்களும், யாரையும் அழைக்காமல் இருவராகப் போய் மணம் முடித்துக்கொள்ள இருப்பவர்களும் புகைப்படக்காரருக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் தங்கையின் திருமணத்தில் ஒருவர் எங்களை ஏமாற்றினார். பணத்தைத் திரும்பக் கேட்டு நாங்கள் கொடுத்த புகார் வங்கியின் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அவர் கையாண்ட வழியை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அந்த வழியில் யாரும் யாரையும் எளிதாக ஏமாற்ற முடியும்.

பெரிய திருமணத்தில் புகைப்படக்காரர் சொதப்பினாலும் நூறு பேர் கையில் போன் இருக்கும். யாரோ ஒருவர் எடுத்த படம் மிஞ்சும். சிறிய திருமணத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. "அக்கா, நாங்கள் உறுதிமொழி வாசிக்கும்போது யார் முகத்துக்கு முன்னாலும் போன் இருக்கக் கூடாது" என்று தங்கை கேட்டுக்கொண்டாள். நியாயமான ஆசை. வந்திருந்த எல்லோரும் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். அந்த நேரத்துக்கு இருந்த ஒரே கேமரா நாங்கள் பணம் கொடுத்து வரவழைத்த கேமரா. அது தவறவிட்டதை எடுத்தவர் வேறு யாரும் இல்லை. கூட்டம் குறைவு என்பதால் வேலையும் குறைவு என்று நினைக்கிறவர் இந்தப் பொறுப்பைப் புரிந்துகொள்ளவே இல்லை என்று அர்த்தம்.

அவர் அனுப்பிய மாதிரிப் படங்கள் கண்ணைப் பறித்தன. பனி படர்ந்த புல்வெளி, மாலை வெயிலில் மின்னும் கூந்தல், கொடிப் பந்தலின் கீழ் இரண்டு முகங்கள். வீடியோ அழைப்பில் இனிமையாகப் பேசினார். தோட்டத்தை ஒருமுறை நேரில் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "தேவையில்லை மேடம், தோட்டம் எல்லாம் ஒன்றுதான்" என்றார். உறுதிமொழியை எந்த நேரத்தில் வைத்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று கேட்டோம். "உங்கள் வசதிதான்" என்றார். "சிறிய திருமணம்தானே, கவலையே படாதீர்கள்" என்று அந்த உரையாடலில் திரும்பத் திரும்பச் சொன்னார். சிறிய நிகழ்ச்சிகளுக்கு முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்குவது தன் நிறுவனத்தின் விதி என்று ஒப்பந்தத்தை அனுப்பினார். அதில் முதன்மைப் புகைப்படக்காரரே வருவார் என்றும், எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் கேமராவின் இரண்டு மெமரி கார்டுகளில் பதிவாகும் என்றும் தெளிவாக எழுதியிருந்தது. கையெழுத்திட்டுப் பணம் செலுத்தினோம்.

திருமண நாளன்று வந்தவர் வேறொருவர். இருபது வயதைத் தாண்டியிருப்பாரா என்பதே சந்தேகம். "சார் வேறு நிகழ்ச்சியில் இருக்கிறார், நான் அவருடைய குழுதான்" என்றார். கையில் ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஃபிளாஷ் இல்லை. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. தயாரிப்பே இல்லாமல் அனுப்பப்பட்டிருந்தார். விருந்தினர்கள் உட்கார்ந்த பிறகுதான் மணமக்கள் எங்கே நிற்பார்கள் என்றே என்னிடம் கேட்டார். தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸ் இல்லாததால் மணமக்களுக்கு மிக அருகில் போய் நின்றார். அம்மாவின் நாற்காலிக்கு நேர் முன்னால் அவருடைய முதுகு இருந்தது. மகள் உறுதிமொழி வாசிப்பதை அம்மா ஒருபுறமாகச் சாய்ந்து சாய்ந்துதான் பார்க்க முடிந்தது. இருபது பேருக்கும் குறைவாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு புகைப்படக்காரரின் உடம்பு எல்லோருடைய பார்வையிலும் விழும். ஷட்டர் சத்தம் எல்லோர் காதிலும் விழும். இந்த வகைத் திருமணங்களை நன்றாக எடுப்பவர்கள் 85 மில்லிமீட்டரோ அதற்கும் கூடுதலோ குவியத் தூரம் உள்ள லென்ஸோடு தள்ளி நிற்பார்கள், கேமராவைச் சத்தமில்லாமல் இயக்குவார்கள், எங்கே நிற்பது, எப்போது இடம் மாறுவது என்பதை முன்பே முடிவு செய்திருப்பார்கள்.

இனி படங்களைப் பற்றி. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தங்கை தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முதல் வரியை வாசிக்கிறாள். இலைகளுக்கு நடுவே இறங்கிய உச்சி வெயில் அவள் நெற்றியிலும் இடது கன்னத்திலும் திட்டுத் திட்டாக விழுந்திருக்கிறது. அந்தத் திட்டுகளில் தோலே தெரியவில்லை, வெறும் வெள்ளை. கண்கள் இரண்டும் கருநிழலுக்குள். தாடையின் அடியில் புல்லின் பச்சை ஏறியிருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் உள்ள கிளையில் ஒவ்வோர் இலையின் நரம்பும் துல்லியமாக இருக்கிறது. ஃபோகஸ் அங்கே போயிருக்கிறது. அவள் முகம் மங்கல்.

மரத்தடி வெளிச்சம் அழகாகத் தெரியும், ஆனால் கேமராவுக்கு அது மிகக் கடினமான வெளிச்சம். வெயில் படும் இடத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் கண் சமாளித்துவிடும். கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாரால் அந்த அளவுக்கு முடியாது. வெள்ளையாக வெந்துபோன இடத்தில் எந்தத் தகவலும் பதிவாகாது, எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. போதாததற்கு அந்த இளைஞர் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் வகையில் மட்டும் எடுத்திருந்தார். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான். சென்சார் பதிந்ததைச் செயலாக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பில், அது 14 பிட் என்றால், 16,384. நிழலில் இருண்ட கண்களையும் தாடையில் ஏறிய பச்சையையும் ஓரளவாவது சரிசெய்ய ரா கோப்பு இடம் கொடுத்திருக்கும். அதற்கும் முன்பாகவே தீர்வு இருந்தது. மணமக்களைச் சில அடிகள் நகர்த்தி முழு நிழலில் நிறுத்தியிருக்கலாம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி திருப்பியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியன் தாழ்ந்து ஒளி மென்மையாகும் நேரத்துக்கு உறுதிமொழியை மாற்றச் சொல்லியிருக்கலாம். நாங்கள் கேட்கத்தானே செய்தோம்! தோட்டத் திருமணத்தை எடுத்துப் பழகிய எவரும் அந்தக் கேள்விக்கு "உங்கள் வசதிதான்" என்று பதில் சொல்லமாட்டார்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மாப்பிள்ளை உறுதிமொழி வாசித்த பகுதி முழுவதும் படங்களில் இல்லை. கார்டு கெட்டுப்போய்விட்டது என்றார்கள். இரண்டாவது கார்டில் இருக்குமே என்று கேட்டோம். பதில் வரவில்லை. கிடைத்த கோப்புகளின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். டிஜிட்டல் கேமராக்கள் படத்தோடு சேர்த்து எடுத்த நேரம், ஷட்டர் வேகம், கேமராவின் மாடல் ஆகியவற்றையும் பதிந்து வைக்கும். 1995இல் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் என்ற முறை இது. அதிலிருந்த மாடலின் பெயரைத் தேடியபோது அந்தக் கேமராவில் கார்டு போட ஒரே ஒரு இடம்தான் உண்டு என்று தெரிந்தது. இரண்டு கார்டுகளில் பதிவு என்ற வாக்குறுதி அந்தக் கருவியால் நிறைவேற்றவே முடியாதது.

கெட்டுப்போன கார்டையாவது எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டோம். அதை ஃபார்மட் செய்து அடுத்த நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திவிட்டோம் என்றார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது. சாதாரணமாக ஃபார்மட் செய்யும்போது பெரும்பாலும் அழிவது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான். படங்களின் தரவு கார்டிலேயே கிடக்கும். அதன்மேல் புதிய படங்கள் பதிவாகும்போதுதான் பழையவை அழியும். மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கார்டில் கோளாறு தெரிந்த உடனே அதை வெளியே எடுத்துத் தனியாக வைத்திருந்தால் மாப்பிள்ளையின் வார்த்தைகளுக்கு முகம் கிடைத்திருக்கக்கூடும். இன்னொருவர் வீட்டுத் திருமணத்தை அதன்மேல் எடுத்திருக்கிறார்கள்.

வந்த படங்களையும் பிரிண்ட் போட முடியவில்லை. நீளப் பக்கத்தில் 1080 பிக்சல். ஆல்பத்துக்கு வழக்கமான அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அது 3.6 அங்குலம்தான் வரும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முழு அளவுக் கோப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்றார். ஒப்பந்தத்தில் "எல்லாப் படங்களும் வழங்கப்படும்" என்று இருந்ததே தவிர அளவு குறிப்பிடப்படவில்லை. இது வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி என்று உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் முதலில் அனுப்பிய மாதிரிப் படங்களை, படத்தை வைத்து இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸ் செயலியில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். பாதிக்கு மேல் வேறு புகைப்படக்காரர்களின் பக்கங்களில், அவர்கள் பெயரோடு, முன்பே வெளியானவை. அந்தக் கொடிப் பந்தல் படம் திருமணமே இல்லை, மாடல்களை வைத்து எடுத்த விளம்பரப் படப்பிடிப்பு.

ஆகவே மாதிரிப் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே ஒரு தோட்டத் திருமணத்தின் முழுத் தொகுப்பையும், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, காட்டச் சொல்லுங்கள். அழகான முப்பது படங்களை யாரிடமிருந்தும் எடுத்து அடுக்கிவிடலாம். ஒரே குடும்பத்தின் முகங்கள் தொடர்ந்து வரும் சில நூறு படங்களைத் திருடிக் காட்டுவது மிகக் கடினம். உச்சி வெயிலில் என்ன செய்தார், வெளிச்சம் மங்கி மஞ்சள் விளக்குகள் எரிந்தபோது தோல் நிறம் எப்படி வந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அந்தக் குடும்பத்தின் அனுமதி வேண்டும் என்று அவர் தயங்கினால் அது நியாயம். அனுமதி வாங்கி வரட்டும், காத்திருங்கள். ஒப்பந்தத்தில் வருபவரின் பெயர், அவர் வர முடியாவிட்டால் யார் வருவார், எப்போது தெரிவிப்பார், கோப்புகளின் பிக்சல் அளவு, ஒப்படைக்கும் தேதி, எத்தனை காலம் நகல் வைத்திருப்பார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 3-2-1 முறையைப் பின்பற்றுகிறீர்களா என்று கேளுங்கள்: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒன்று வேறோர் இடத்தில். தொழில் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியாவது கோப்புகள் கைக்கு வந்த பிறகு என்று இருக்கட்டும்.

பதிப்புரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் உரிமை. அமெரிக்கச் சட்டத்தில் பொதுவாக எடுத்தவருக்கு. எங்கே திருமணம், எந்த நாட்டுச் சட்டம் என்பதைப் பொறுத்து உங்கள் படத்தை நீங்களே பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் உரிமைகூட மாறிவிடும்.

இருவர் மட்டும் போய்ச் செய்துகொள்ளும் திருமணங்களில் ஆபத்து இன்னும் கூடுதல். சட்டம் பல இடங்களில் சாட்சிகளைக் கேட்கிறது. இங்கிலாந்தில் இருவர் வேண்டும், இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மூவர். துணைக்கு யாரும் இல்லாத மணமக்கள் புகைப்படக்காரரையே ஒரு சாட்சியாக நம்பிப் போவதுண்டு. அவர் வராவிட்டால் படம் மட்டும் அல்ல, திருமணமே நின்றுவிடும். சாட்சிக் கையெழுத்துக்கு வேறு ஓர் ஆளைக் கட்டாயம் ஏற்பாடு செய்துவையுங்கள். பொதுப் பூங்காக்களிலும் தாவரவியல் தோட்டங்களிலும் தொழில்முறைப் படப்பிடிப்புக்குப் பெரும்பாலும் முன் அனுமதி வேண்டியிருக்கும். அதை வாங்குவது யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

நாங்கள் வங்கிக் கார்டு வழியாகப் பணம் செலுத்தியிருந்ததால் தொகையைத் திரும்பப் பெற வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தம், வேறொருவர் வந்ததை அவர்களே ஒப்புக்கொண்ட செய்தி, கேமரா மாடலின் விவரம், திருடப்பட்ட மாதிரிப் படங்களின் உண்மையான பக்கங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட புகாருக்குக் கால வரம்பு உண்டு. புகைப்படக்காரர் "அடுத்த வாரம் தருகிறேன்" என்று இழுத்தடித்தால் அந்த வரம்பு கடந்துவிடும், தேதியை வங்கியிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றே செய்தியாக அனுப்பி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படங்களை இணைய லிங்க்காக அனுப்பியிருந்தால், தரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் எல்லாவற்றையும் உடனே இறக்கிக்கொள்ளுங்கள். நாங்கள் புகார் கொடுத்த மறுநாள் எங்களுக்கு வந்த லிங்க் வேலை செய்யவில்லை, அவருடைய மாதிரிப் படப் பக்கமும் மறைந்துவிட்டது. இரண்டையும் முன்பே சேமித்து வைத்திருந்ததால்தான் வங்கியிடம் காட்ட எங்களிடம் ஏதோ இருக்கிறது.