அண்ணனின் மின்நாற்காலியும் பினாங்கு அஞ்சடியும்

மொன்ட்ரியலிலிருந்து பினாங்கு வந்த நான், இம்முறை விடுமுறையின் பெரும்பகுதியை அண்ணனின் சக்கர நாற்காலிக்காகவே செலவிட்டேன். மோட்டார்சைக்கிள் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டபின் அவருக்குத் தோளும் முழங்கையை மடக்கும் தசையும் இயங்குகின்றன; மணிக்கட்டிலும் விரல்களிலும் அசைவில்லை. இதையெல்லாம் கேட்டறிந்த பிறகும் ஒரு விற்பனையாளர், விரல்களால் பற்ற வேண்டிய சாதாரண ஜாய்ஸ்டிக் பொருத்திய மின்நாற்காலியை அவர் தலையில் கட்டிவிட்டார். ஓராண்டாக அது துணி போர்த்திக் கூடத்தில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மொன்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்நாற்காலி ஓட்டப் பழகுவதற்கென்றே, கணினி காட்டும் கற்பனை வெளியில் ஓட்டும் மெய்நிகர் பயிற்சியை உருவாக்கியிருப்பதை அறிந்திருந்ததால், இங்கும் அத்தகைய வசதி உண்டா என்று விசாரித்தேன். தீவிலுள்ள ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்தது.

அங்கே அண்ணன் மெய்நிகர் கண்ணாடி அணிந்து, ஒரே நடைவழியை வெவ்வேறு கட்டுப்பாடுகளால் ஓட்டிப் பார்த்தார். தாடையால் தள்ளும் ஜாய்ஸ்டிக்கில் நேராகச் சென்றவர், திருப்பங்களில் தடுமாறினார். தலையே வண்டியை ஓட்டும்போது பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடிவதில்லை. கை வலு மிச்சமிருப்பதால், குழாயில் ஊதியும் உறிஞ்சியும் ஓட்டும் முறை தேவைப்படவில்லை. பிறகு ஜாய்ஸ்டிக்கின் மேல் ‘ப’ எழுத்தைப் போன்ற ஒரு கைப்பிடியை மாட்டினார்கள். உள்ளங்கை இரு தண்டுகளுக்கிடையே படிந்து கிடக்க, முழங்கையும் தோளுமே அதைத் தள்ளின, இழுத்தன. தாடையால் ஓட்டியபோது ஏழு முறை சுவரில் இடித்தவர், இதில் இரண்டே முறை இடித்தார். ஒரு குறுகிய வாசலை நெருங்கியபோது, எதிரே நிஜ வாசல் இல்லாதபோதும், அவர் தோளை ஒடுக்கிக்கொண்டதைக் கண்டு என் கண் கலங்கியது.

“போதும் அண்ணே, கண்ண மூடி கொஞ்சம் இருங்க,” என்று பத்தாவது நிமிடத்தில் சிகிச்சையாளர் நிறுத்திவிட்டார். உடல் அசையாதிருக்கக் கண் மட்டும் நகர்வதாகக் காண்பதால் பலருக்குக் குமட்டும். ஆகவே பயிற்சியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பதே நல்லது.

எனக்கிருக்கும் ஒரே குறை அந்த மெய்நிகர் உலகைப் பற்றியது. அதன் நடைவழிகள் பேரங்காடியைப் போல அகன்றவை. பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில், கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியோ பெயரளவில்தான் ஐந்தடி, அதாவது ஏறத்தாழ 150 சென்டிமீட்டர். பூக்கூடைகளும் மோட்டார்சைக்கிள்களும் போக மிஞ்சும் இடத்தில், ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் அகலமுள்ள நாற்காலி நுழைய வேண்டும். கடைக்குக் கடை தரைமட்டமும் ஏறி இறங்கும். கைப்பிடி பொருந்திவிட்டது என்பதற்காக அண்ணனைத் தனியே அங்கு அனுப்ப என்னால் முடியாது.

திரும்புவதற்கு முந்தைய நாள், லிட்டல் இந்தியாவில் எட்டுக் கடைகளின் முன்பு நாடாவால் அளந்து, படங்களோடு சிகிச்சையாளரிடம் கொடுத்தேன். அகலத்தைச் செயலியில் மாற்றலாம் என்றார், படிகளுக்குத்தான் வழியில்லையாம். புதிய கைப்பிடிக்குச் சொல்லியாயிற்று. அது வரும்வரை அண்ணன் வாரம் இருமுறை, 90 சென்டிமீட்டராகக் குறுக்கிய நடைவழியில் ஓட்டிப் பழகுவார்.