தீவனக் கடையில் மானுக்கு என்ன வாங்கலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் கோடியக்கரைச் சரணாலயப் புல்வெளியில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் அதே வெளி தீய்ந்து போய்க் கிடக்கும். வெளிமான்கள் (பிளாக்பக்) விலா எலும்பு தெரிய நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு மூட்டை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பனி நாடுகளில் குளிர்காலத்தில் மானுக்கு மக்காச்சோளம் கொட்டும் வீடியோக்கள் அந்த ஆசையைக் கிளறிவிடுகின்றன. அதனால் டெல்டா தீவனக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கை, பிராண்ட் பார்க்காமல், காட்டு மானுக்கு ஆகுமா என்று மட்டும் இங்கே பார்த்திருக்கிறோம். கறவை மாட்டுக்கு இவை எப்படி என்பது வேறு கணக்கு.

முதலில், தானியம் சேர்த்துக் குச்சியாக அழுத்திய பெல்லட் தீவனம். 50 கிலோ மூட்டை, லேபிளில் 20 முதல் 22 சதவீதம் புரதம். மாட்டுக்கு நல்ல சரக்கு, மானுக்கு இருப்பதிலேயே மோசமானது. மானும் அசைபோடும் பிராணிதான். அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தீனியைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. புல்லும் தழையும் தின்றுவந்த மானின் வயிற்றில் நாரைச் செரிக்கும் வகைதான் மிகுந்திருக்கும். திடீரென்று மாவுச்சத்து நிறைய இறங்கினால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் வகை சில மணி நேரத்தில் பெருகிவிடும். 6-க்கு மேல் இருக்க வேண்டிய பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்கும் கீழே போகும். வயிற்றின் உள்சுவர் புண்ணாகும், உடம்பு நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபடும், கழிச்சல் காணும். ஓரிரு நாளில் வயிறு நிறைந்த மான் செத்துக் கிடக்கும். வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் மக்காச்சோளம் போட்ட இடங்களில் மான் சாவதும் இப்படித்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாமே என்றால், அதற்கு 2, 3 வாரம் வேண்டும். ஒவ்வொரு தலைக்கும் அளந்து போட வேண்டும். கொட்டகையில் கட்டிய கிடாரிக்கு அது நடக்கும். மந்தையாக வரும் வெளிமானில் கொம்புள்ள ஆண் மற்றதை விரட்டிவிட்டு வயிறு முட்டத் தின்னும். குட்டியும் சினை மானும் ஓரத்தில் நிற்கும். தேவைப்பட்டதற்குக் கிடைக்காது, கிடைத்ததற்கு ஒத்துக்கொள்ளாது.

உப்புக் கட்டியில் இரண்டு வகை. வெறும் தாது உப்புக் கட்டியால் பெரிய கெடுதல் இல்லை, பட்டினிக்கு அது மருந்தும் இல்லை. யூரியாவும் மொலாசஸும் (கரும்பாலைக் கழிவுப் பாகு) சேர்த்த கட்டியை மட்டும் வெட்டவெளியில் வைக்கவே கூடாது. மழையில் கரைந்து பள்ளத்தில் தேங்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மானுக்கு அம்மோனியா நஞ்சு ஏறும். மானுக்கு மட்டுமில்லை, ஆட்டுக்கும் அதே கதிதான்.

வைக்கோல் மலிவு, டெல்டாவில் பஞ்சமில்லை. ஆனால் அதில் புரதம் 4 சதவீதம்கூடத் தேறாது, செரிக்காத மணல்சத்தான சிலிக்காவோ அதிகம். முப்பது, நாற்பது கிலோ எடையுள்ள வெளிமானின் சிறிய வயிறு இதை வைத்துப் பிழைக்காது. நிரம்பும், சத்து இறங்காது. மழையில் அறுத்த குறுவை வைக்கோல் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம். இயந்திரம் சுருட்டிய கட்டு என்றால் பிளாஸ்டிக் கயிறு வேறு. அறுத்து எடுக்காமல் விட்டால் அது வயிற்றுக்குள் போய் அடைக்கும்.

கடலைக்கொடி வைக்கோலைவிடப் பல மடங்கு தேவலை. இளஞ்சோளத் தட்டை வாடியிருந்தால் சயனைடு ஆபத்து. சீமைக்கருவை நெற்றைப் பொறுக்கிப் போடும் யோசனையும் உண்டு. மான் விரும்பித் தின்னும்; விதை புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும். புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கும் மரத்தை மூட்டை கட்டி விதைப்பதற்குச் சமம் அது.

எந்தத் தீனியானாலும் ஒரு கோளாறு பொது. ஒரே இடத்தில் கொட்டினால் மானும் ஊர் ஆடுமாடும் ஒன்றாக வாய் வைக்கும்; கோமாரியும் ஆட்டுக்கொல்லியும் பரவ அதுவே போதும். சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைக்குத் தடுப்பூசி போட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்வது சும்மா இல்லை. அமெரிக்காவின் வயோமிங்கில் 1912 முதல் இயங்கும் எல்க் மான் புகலிடத்தில் குளிர்காலத் தீனி போட்டுப் பழக்கியதால் மந்தை நெருங்கி, கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா நோய் பெரிய தலைவலியாகிவிட்டது.

மழைக்காலத்தில் வெளிமானுக்கு வேண்டியது காய்ந்த மேடு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது மான்களைக் கொன்றது காற்றும் வெள்ளமும்தான், தீனிப் பஞ்சமல்ல. தண்ணீர் வடிந்தால் புல் தானே துளிர்க்கும்.

ஆகவே காசு செலவழித்தே தீர வேண்டும் என்றால் கோடைக்கான தண்ணீர்த் தொட்டிதான். கடையில் விற்கும் சிமெண்ட் உறை வேண்டாம். செங்குத்துச் சுவர் என்பதால் உள்ளே விழுந்த முயலும் கீரியும் ஏற முடியாமல் சாகும். தட்டு வடிவில் கட்டுங்கள்: 2 மீட்டர் விட்டம், விளிம்பு தரைமட்டம், நடுவில் 30 செ.மீ. ஆழம். முந்நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். நாளைக்கு 7 மி.மீ. ஆவியானால் 22 லிட்டர் வெயிலுக்கே போகும். நிரப்பும் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணல் இறங்கி விரிசல் விடும், அதனால் அடியில் செங்கல் ஜல்லி போட்டு இடித்து, மேலே கம்பி வலை வைத்து 10 செ.மீ. கான்கிரீட், சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை. உப்புத் தண்ணீரில் குழைத்தால் கம்பி துருப்பிடித்து வெடிக்கும். பத்து நாள் ஈரம் காயாமல் மூடிவைக்க வைக்கோல் வாங்கலாம்; இந்தக் கடைச் சரக்கில் மானுக்கு உதவும் ஒரே வேலை அதுதான். புதுச் சிமெண்டின் காரம் போக மூன்று முறை நிரப்பி வடித்த பிறகே விடுங்கள். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்து வடிக்க வேண்டும்.

சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அங்கே என்றால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில்தான் கட்ட வேண்டும். வெளியே சொந்தப் பட்டா நிலத்தில் என்றால் சாலையிலிருந்து தள்ளி, நாலா பக்கமும் பார்வை ஓடும் திறந்த இடமாகப் பாருங்கள். புதர் ஒட்டிய தொட்டிக்கு வெளிமான் வரத் தயங்கும். தெருநாய் நடமாட்டம் இருந்தால் தொட்டியும் வேண்டாம். குனிந்து குடிக்கும் மானை நாய்க்கூட்டம் சுலபமாக வளைத்துவிடும்.