நாய்க்கு ‘தெரப்பி’: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு குடும்பம் பத்து தடவைக்கு 900 வெள்ளியை மொத்தமாகக் கட்டி ஏமாந்திருக்கிறது. தீபாவளிப் பட்டாசுக்குப் பிறகு, இடி இடித்தாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும் ஆறு வயது நாட்டு நாய். ‘டீடச்’ என்ற தொடு சிகிச்சை செய்வதாகச் சொல்லி வந்தவர் செய்தது எதுவும் டீடச் இல்லை.

லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் 1970களில் குதிரைகளுக்காக உருவாக்கி, பிறகு நாய்களுக்கும் வந்த முறை அது. அதில் தசையைப் பிசைவதில்லை, தோலை மட்டும் விரல் நுனியால் நகர்த்துவார்கள். கடிகார முகப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்: ஆறில் தொடங்கி வலஞ்சுழியாக ஒரு முழு வட்டம், மேலும் ஒரு கால் வட்டம், ஒன்பதில் நிறுத்திக் கையை எடுத்து அடுத்த இடம். அழுத்தம்? மூடிய கண்ணிமையை உங்கள் விரல் நோகாமல் நகர்த்துமே, ஏறக்குறைய அவ்வளவுதான்.

வந்தவரோ நாயை மேசைமேல் ஏற்றி, வீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இடுப்பில் கட்டைவிரலை ஊன்றினார். நாய் கொட்டாவி விட்டது, உதட்டை நக்கியது, கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்த்தது. ‘போதும், விடு’ என்று அது மூன்று விதமாகச் சொல்லியாயிற்று. பத்து நிமிடத்தில் அசைவில்லை. “பாருங்கம்மா, ரிலாக்ஸ் ஆயிடுச்சு” என்றார். ரிலாக்ஸ் ஆன நாயின் வாய் தளர்ந்திருக்கும், மூச்சு மெதுவாகும், இடுப்பு ஒருபக்கம் சரியும். வாயை இறுக மூடி விறைத்துக் கிடந்தால் அது பயத்தில் உறைந்த நாய். மூன்றாம் தடவை கடித்தது. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம். மூன்று தடவையும் அவர் அழுத்தியது அங்கேதான்.

நாயை அமைதிப்படுத்த உடம்பைச் சுற்றும் எலாஸ்டிக் பட்டை இன்னொரு கூத்து. அதற்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், முதல் நாள் ஐந்து நிமிடம் போதும், கட்டிவிட்டு ஆள் நகரக் கூடாது. நம் ஊர் வெக்கையில் காற்றாடியாவது ஓட வேண்டும். இவர் இறுக்கிக் கட்டி, “ராத்திரி முழுக்க இருக்கட்டும்” என்று போய்விட்டார். போதாக்குறைக்கு டீ ட்ரீ எண்ணெய். தோலில் தடவினாலோ நாய் நக்கினாலோ நஞ்சு; தள்ளாட்டமும் நடுக்கமும் வரும்.

முறை தெரிந்தவர் முதலில் கால்நடை மருத்துவர் பார்த்தாரா என்று கேட்பார். தரையில் உட்கார்ந்து, நாய் தானாக வரும்வரை காத்திருப்பார். மூன்று வினாடி தொட்டுக் கையை எடுப்பார். சாய்ந்து வந்தால் தொடர்வார், விலகினால் இன்றைக்கு அவ்வளவுதான். இன்னொன்று, இந்த முறைகளுக்கு ஆய்வுச் சான்று குறைவு. இடிக்கு மிரண்டு கதவைப் பிராண்டும் நாய்க்கு மருத்துவர் தரும் மாத்திரையும் தேவைப்படலாம். “மருந்தே வேண்டாம், என் கை போதும்” என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மீதி ஏழு தடவைக்கான 630 வெள்ளியைக் கேட்டதற்கு, பேக்கேஜ் பணம் திரும்பாது என்று பதில். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். படிவம் 1, கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது தரவில்லையென்றால் டியூட்நவ் பணப் பரிமாற்றப் பதிவையும் வாட்சாப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.